அரக்கு முத்திரை வைத்த கேசட்

தூத்துக்குடி,
12.9.1979

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் ஜீவமணி ஆசிரியர் அவர்களுக்கு, ஏசுவடியான் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே உம் அக்காள் மெட்டில்டா, மகள் ஞானதீபம், நான் மூவரும் சுகம். நீரும் சுகமாயிருந்தால், அந்தச் சுகத்தோடு ஒரு காரியம் செய்ய வேண்டும். வருகிற ஞாயிறு நாசரேத்துக் கோவிலில் ஞானதீபத்துக்கும் பொன்னுதுரைக்கும் கலியாண அறிவிப்பு மூன்றாம் ஓலை வாசிக்கும்போது, எழுந்து நின்று ஆட்சேபணை சொல்லிவிடும்.

ஏன் என்பீர். மாப்பிள்ளை பார்த்துத் தந்தவரே நீர்தானே, கேளும். கப்பலில் வயர்லெஸ் ஆபீசர் என்றீர். நிச்சயதார்த்தத்துக்கு அவனவன் பட்டுச்சேலை கொண்டு வருவான். இவன் அமெரிக்காவிலிருந்து டெலிவிஷன் மாதிரி ஒரு பெட்டியும் டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகையும் கொண்டு வந்தான். கம்ப்யூட்டராம். நம் ஊரில் டெலிவிஷனே எடுக்காது, இதில் என்னத்தைப் பார்ப்பது? முப்பது வருஷம் சுங்க இலாகாவில் தோணி தோணியாய்ச் சோதனை போட்டவன் நான். வாயைத் திறக்குமுன் தீர்வை கட்டிய ரசீதை நீட்டுகிறான்! கேட்பதற்கு முன்னால் ரசீது நீட்டுகிறவனை என் சர்வீஸில் நான் நம்பியதே கிடையாது.

அவன் கப்பலேறிவிட்டான். பெட்டி எங்கள் வீட்டில். கணக்கு டீச்சரான நம் மகள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து "எடு, கூட்டு, வை" என்று முணுமுணுக்கிறாள். "என்னளா இது?" என்றேன். "மெஷினோட சொந்த பாஷைப்பா, அசெம்பிளின்னு பேரு. இந்தக் கட்டத்துல இருக்க நம்பரை எடு, ஒண்ணு கூட்டு, அந்தக் கட்டத்துல வைன்னு ஒவ்வொண்ணாச் சொல்லணும். ஒண்ணை விட்டாலும் அப்படியே நின்னுரும்" என்கிறாள். எங்கள் ஆபீசில் ஒரு பியூன் அப்படித்தான் இருந்தான்; அவனுக்காக யாரும் புத்தகம் வாங்கிப் படிக்கவில்லை.

அது போகட்டும். போன வாரம் கப்பல்காரன் ஒருவன் கையில் மாப்பிள்ளை ஒரு கேசட் கொடுத்தனுப்பினான். கட்டிக்கப்போகிறவளுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பான், தகப்பன் கேட்டால் குற்றமில்லை என்று டேப்ரிக்கார்டரில் போட்டேன். ஐயையோ, "கீய்ய்ய்" என்று ஒரே இரைச்சல்! திருப்பிப் போட்டாலும் கீய்ய்ய். "அதை நிறுத்தித் தொலைங்க, காது போச்சு" என்று மெட்டில்டா கத்துகிறாள். அதே இரைச்சலை மகள் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். என் தலையைக் கண்டதும் பெட்டியை அணைத்துவிடுகிறாள். சிலோன் கரைக்குச் சங்கேதம் போகிறது ஐயா, வேறென்ன? என் பெண்ணை வைத்தே கடத்தப் பார்க்கிறான். ஒரே பிள்ளை.

சும்மா இருப்பேனா? முறைப்படி கேசட்டைக் கைப்பற்றினேன். சாட்சிக்கு உம் அக்காளும் பால்கார வன்னியபெருமாளும். நூல் சுற்றி, அரக்கைக் காய்ச்சி, நாலு மூலையிலும் முத்திரை வைத்தேன். பழக்கதோஷம், கை தாராளமாகிவிட்டது. கேசட் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துபோயிற்று. "அண்ணாச்சி, இதுக்குக் கையெழுத்துப் போடணுமா, பால் ஊத்தணுமா?" என்கிறான் அந்தப் படுபாவி.

ஞானதீபம் அழவில்லை. "அவுக வேண்டாம்னா நேரா சொல்லுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் கடமை கடமைதான். ஞாயிறு எழுந்து நில்லும்.

உம் வீட்டார் யாவருக்கும் ஆண்டவர் சமாதானம் அருளுவாராக. எங்கள் வீட்டுக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,
ஏசுவடியான்

பி.கு.: தபாலில் போடப் புறப்பட்ட என்னைக் கையைப் பிடித்திழுத்துப் பெட்டி முன்னால் உட்காரவைத்துவிட்டாள் மகள். கேசட்டுக்கு முன்னமே நகல் எடுத்து வைத்திருக்கிறாள், யார் பிள்ளை! இரைச்சலை ஏற்றினால் திரையில் கடல் வருகிறது. தோணிகள் கரையை நோக்கி வருகின்றன. தொப்பி வைத்த ஒரு ஆள் அங்குமிங்கும் ஓடி மறிக்கிறான். "இது நீங்கதாம்ப்பா. உங்க பிறந்தநாளுக்குன்னு இந்த விளையாட்டை அவுக பாதி எழுதி அனுப்புனாக, மிச்சத்தை நான் எழுதுதேன். முடியுமுன்ன பாத்துருவீகளோன்னுதான் அணைச்சேன்" என்கிறாள். காலையிலிருந்து பலகையைத் தட்டித் தட்டி மறிக்கிறேன் ஐயா, தெற்கு மூலையில் நழுவும் ஒன்றைத் தவிர ஒரு தோணி தப்பவில்லை! அது மாப்பிள்ளை வேண்டுமென்றே விட்டுவைத்த வழி என்று எனக்குப் பலத்த சந்தேகம். எந்தக் கட்டத்தில் எந்த நம்பரை மாற்றினால் அடைபடும் என்று மகளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் வரட்டும், பேசிக்கொள்கிறேன். ஆகையால் ஞாயிறு நீர் எழுந்திருக்க வேண்டாம். வேறு எவனாவது எழுந்தால், வேட்டியைப் பிடித்து உட்காரவையும்.