போட்டாச்சு செல்லச்சாமி

மனிதரில் எத்தனையோ வகை உண்டு. வாங்கிய குடையைத் திருப்பித் தராதவர், பந்தியில் பக்கத்து இலையைப் பார்ப்பவர் என்று பழைய வகைகளையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். அண்மைக் காலத்தில் புதிதாக ஒரு வகை முளைத்திருக்கிறது. அதற்குப் 'போட்டாச்சு' வகை என்று பெயர். உங்கள் வீட்டுக் கூரையில் தீப்பிடித்திருப்பதை இவர் கண்டால் ஓடிவந்து கதவைத் தட்டமாட்டார், மெசேஜ் போடுவார். வீடு சாம்பலான பிறகு வழியில் கண்டால், "போட்டிருந்தேனே, பாக்கலையா?" என்று உங்கள் மேலேயே கோபித்துக்கொள்வார். பிழை யாருடையது? பார்க்காத உங்களுடையதுதான்.

கண்டி மாநகரில் இந்த வகைக்குத் தலைமகன் புடவைக்கடை செல்லச்சாமி முதலாளி.

ஒரு காலத்தில் செல்லச்சாமி வாயால் பேசிக்கொண்டிருந்தவர்தான். கடைக் கணினியில் ஒரு புரோகிராம் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து வாய்க்கு ஓய்வு கிடைத்தது. தீபாவளி விலைக்கழிவைச் சேலை வாங்குகிறவர்களுக்கு அறிவிக்கத்தான் அதை வாங்கினார். ஒரு தட்டுத் தட்டினால் போதும். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வரைக்கும் எல்லாருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் கிணுகிணுக்கும். யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் விழும். அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க, ஊரையே கூட்டி வைத்துப் பேசி, எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனது போன்ற நிறைவு அவருக்கு. அதிலும் பெரிய வசதி, யாரும் பதில் அனுப்ப முடியாது. பதில் இல்லாத பேச்சைப் போல இன்பம் உலகத்தில் வேறு உண்டா?

விலைக்கழிவில் தொடங்கியது விரைவில் வீட்டுக்குள் நுழைந்தது. கடையில் இருந்தபடியே மனைவி கமலத்துக்கு, "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, இரவுக்கு இடியப்பம். கையிருப்பு உள்ளவரை மட்டும்" என்று செய்தி போகும். தலையும் வாலும் புரோகிராம் தானாகப் போடுபவை. அவற்றை எடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. எடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. கமலமும் இடியப்பம் அவித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். வாடிக்கையாளருக்கு மரியாதையாவது கிடைக்கிறதே!

இப்படி இருக்கையில் மகள் துஷ்யந்திக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை மடுல்கெல்லப் பள்ளிக்கூடத்து வாத்தியார்; தங்கமான பையன். முகூர்த்தம் குறித்தாயிற்று. கட்டுக்கலையில் மண்டபமும் பிடித்தாயிற்று.

"வெத்தல பாக்கு வாங்கிட்டு வாங்க. ஜோடியாப் போயி எல்லாரையும் அழைச்சிட்டு வந்துருவோம். மொதல்ல கடுகண்ணாவைக்கு, எங்கண்ணன் வீட்டுக்கு" என்றாள் கமலம்.

"போட்டாச்சு" என்றார் செல்லச்சாமி.

"என்னத்தப் போட்டாச்சு?"

"அழைப்பு. உங்க அண்ணனுக்குப் பச்சை விழுந்திருச்சு பாரு."

"அட கடவுளே! தாய்மாமன் வந்து புள்ள கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். அவருக்கு மெசேஜா?"

"எந்தக் காலத்துல இருக்க நீ? ஒரே வேலைய ரெண்டு தரம் செய்யச் சொல்றியே!"

கணவனில்லாமல் தனியாகப் போய் அழைத்தால் அது அழைப்பாகாது, அவமதிப்பு. ஆகவே கமலம் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். அண்ணன் சின்னமுத்து மழையைப் பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார், புகையிரதம் தாமதமானதைக்கூட விரிவாகப் பேசினார். கல்யாணப் பேச்சு வந்ததும் 'கேக்கலம்மா, கேக்கல' என்று வைத்துவிட்டார்.

கல்யாண நாள் விடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேருந்து நிறைய வந்து இறங்கி, மண்டபத்தின் வலது பக்கத்தை நிரப்பி, சந்தனம் பூசிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்தில் கதிரைகள் மட்டும் இருந்தன. நல்ல கதிரைகள், வெள்ளை உறை போட்டவை. செல்லச்சாமி கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அத்தனை பேருக்கும் பச்சை. பச்சைகள் வந்துவிட்டன, ஆட்களைத்தான் காணவில்லை.

பெண் வீட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்த ஒரே மனிதர் திகன ஹுஸைன் நானா. லேஸ், பொத்தான் வியாபாரி.

"நீங்களாவது மெசேஜ் கெடச்சு வந்தீங்களே, நானா!" என்றார் செல்லச்சாமி.

"என்ன மெசேஜ்? நான் நம்பர் மாத்தி எவ்ளவு காலம்! எனக்கு ஒண்டும் வரல்ல. மார்க்கெட்ல வெச்சி கமலம் எங்கட ஊட்டுக்காரி கைரியாட கையப் புடிச்சி, கட்டாயம் வரோணும் எண்டு சொன்னாவாம். அதான் வந்தன்."

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் கமலத்திடம் மெதுவாக வந்து கேட்டார்: "சம்பந்தி, பொண்ணுக்குத் தாய்மாமன் உறவே இல்லையா? உங்க பக்கத்துல ஒருத்தரும் வரலன்னா, எங்க ஆளுங்க என்ன ஏதுன்னு கேக்குறாங்க. நாங்க என்ன சொல்றது?"

உள்ளறையில் துஷ்யந்தி அழத் தொடங்கினாள். கண்மை கன்னத்தில் வழிந்தது. அதைக் கண்டதும் செல்லச்சாமிக்கு முதல் தடவையாக நெஞ்சு திடுக்கிட்டது. உடனே அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கடைக்கு ஓடி, "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, அவசரம்" என்று இன்னொன்று போட்டுவிட்டு வந்தார். எல்லாருக்கும் பச்சை.

கமலம் வெற்றிலைத் தட்டை அவர் கையில் திணித்தாள். "நடங்க" என்றாள். ஹுஸைன் நானாவின் வான் வண்டி இருவரையும் ஏற்றிக்கொண்டு, பேராதனை நெரிசலில் புகுந்து புறப்பட்டுக் கடுகண்ணாவைக்கு ஏறியது.

அங்கே சின்னமுத்து வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. மச்சான் பட்டு வேட்டி கட்டி, மோதிரம் போட்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு, மடியில் சீர்த்தட்டோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"விடியக் காத்தால இருந்து உடுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன், மாப்ள" என்றார். "என் மருமக கல்யாணம். ஆனா கூப்பிடாத எடத்துக்கு எப்புடி வர்றது?"

"அதான் மெசேஜ்…"

"அது வந்திச்சு. கையிருப்பு உள்ளவரைன்னும் போட்டிருந்திச்சு. சோறு தீந்துருக்கும்னு நெனச்சேன்."

செல்லச்சாமி தட்டை நீட்டினார். ஆட்காட்டி விரல் தட்டின் விளிம்பை இரண்டு தரம் தட்டிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. மகளின் முகம் நினைவுக்கு வந்தது.

"மச்சான்… வாங்க" என்றார். கண்ணீர் வந்துவிட்டது. "நீங்க இல்லாம எம்புள்ள மணவறை ஏறாது. வாங்க மச்சான்."

"இதச் சொல்ல இம்புட்டு நாளா?" என்று சின்னமுத்து எழுந்த வேகத்தில் சீர்த்தட்டுத் தேங்காய் உருண்டோடியது.

வெளியே வந்து பார்த்தால் பக்கத்து வீட்டிலும் அப்படியே. சித்தப்பா கோட்டுப் போட்டு நிற்கிறார், அத்தை பூ வைத்துக்கொண்டு நிற்கிறாள், பெரியம்மா பேரப்பிள்ளைகளுக்குப் பவுடர் அடித்து வரிசையாக உட்கார வைத்திருக்கிறாள், வாடகைப் பேருந்தின் சாரதி என்ஜினை அணைக்காமல் வெற்றிலை மெல்லுகிறார். தெருவே உடுத்திக்கொண்டு, ஒரு வாய்ச்சொல்லுக்காகக் காத்திருந்தது. செல்லச்சாமி வாசல் வாசலாக ஏறி இறங்கினார். "வாங்க, வாங்க" என்று சொல்லிச் சொல்லிக் குரலே கட்டிவிட்டது. முகூர்த்தம் தவறிவிட்டது என்று அஞ்சினார்கள். ஆனால் ஐயர் அனுபவசாலி. அதைவிட நல்ல முகூர்த்தம் ஒன்றைப் பஞ்சாங்கத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அன்றோடு செல்லச்சாமி திருந்திவிட்டார் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். அவர் கிடக்கட்டும். நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, அந்தக் கைப்பேசியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். போன மாதம் யாருக்கோ, "கட்டாயம் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று போட்டீர்கள் அல்லவா? போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.