பக்கத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை

வீடுகளுக்கு ஆங்கிலத்தில் அடைமொழி தேடுகிறவர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். இல்லவே இல்லை என்று அவசரப்பட்டுச் சத்தியம் செய்துவிடாதீர்கள், பின்னால் சங்கடமாகிவிடும்.

நாமெல்லாம் வீட்டைப் பற்றிப் பேச எத்தனை சொற்களை வைத்திருக்கிறோம்? பெரிசு, சின்னது, பழசு, புதுசு. இந்த நான்கை வைத்துக்கொண்டே பிறந்து, வளர்ந்து, குடித்தனம் நடத்தி, வீடு மாறி, ஆயுளையே ஓட்டிவிடுகிறோம். இந்த இனத்தாருக்கு அது போதாது. அவர்களிடம் நாற்பது ஆங்கிலச் சொற்கள் உண்டு. அந்த நாற்பதையும் இரண்டாகப் பிரித்து, நல்லதையெல்லாம் தங்கள் வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தெருவுக்குத் தானம் செய்துவிடுவார்கள்.

அவர் வீட்டுக் கூடம் இருட்டாக இருந்தால் அது 'கோஸி'. உங்கள் வீட்டுக் கூடம் இருட்டாக இருந்தால் 'டல்'. அவர் வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்தால் 'வின்டேஜ் லுக்'. உங்கள் வீட்டில் பெயர்ந்தால் 'மெயின்டெனன்ஸ் ப்ராப்ளம்'. அவர் வாசல் மரம் சருகு கொட்டினால் 'கிரீனரி'. உங்கள் மரத்தின் சருகு காற்றில் பறந்து அவர் வாசலில் விழுந்ததோ, தொலைந்தீர்கள், அது 'நியூசென்ஸ்'. ஒரே காற்று, ஒரே சருகு. வார்த்தைதான் வேறு.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி எனக்கு நேர் எதிர்வீட்டில் இருக்கிறார். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கட்டடங்களைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்குமா? தெருவைப் பார்வையிட ஆரம்பித்துவிட்டார். 'ரிப்போர்ட் சார்' என்று நாங்கள் வைத்த பெயர் அவர் காதுக்கும் எட்டிவிட்டது. அதைப் பட்டம் என்று நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறார். என் வீட்டுக்கு அவர் கொடுத்திருக்கும் சொல் 'ஃபங்ஷனல்'. அதாவது, கூரை இருக்கிறது, கதவு மூடுகிறது, அதற்கு மேல் கேட்காதே.

ஆனால் அவருடைய உச்சபட்சக் கவனமெல்லாம் தன் வீட்டை ஒட்டிய இடதுபக்க வீட்டின் மேல்தான். அந்த வீடும் அவர் வீடும் ஒரே கொத்தனார் ஒரே மாதத்தில் கட்டியவை. நடுவில் ஒரே சுவர். அங்கே ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் துவைக்கிற கல். இங்கேயும் ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் துவைக்கிற கல். இருந்தும், அவர் வீடு 'காம்பாக்ட்'. பக்கத்து வீடு 'கன்ஜெஸ்டட்'. வெளியூரில் இருக்கும் மகளோடு வாராவாரம் போனில் பேசும்போது வானிலை, முட்டிவலி, பக்கத்து வீட்டின் நெரிசல் ஆகிய மூன்றையும் தவறாமல் சொல்லிவிடுவார்.

இப்படி இருக்கையில், பக்கத்து வீட்டுக்காரர் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி, வீட்டைக் காலி செய்து வாடகைக்கு ஆள் தேடினார். அதே வாரம் மகளிடமிருந்து போன். மாப்பிள்ளைக்கு இந்த ஊருக்கே மாற்றலாகிவிட்டது.

"அப்பா, பக்கத்து வீடு காலின்னு அம்மா சொன்னாங்க. அவருக்கு அங்க வந்து பாக்க லீவு இல்ல. வீடு எப்படி இருக்குன்னு நாலு வரி எழுதி அனுப்புங்க. நீங்க சரின்னா நாங்க ரெடி."

யோசித்துப் பாருங்கள். மூன்று வயதுப் பேத்தி. அவர் அவளை இதுவரை தூக்கியது மொத்தமே நாலைந்து தடவை. இனி சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுதால் இந்தப் பக்கம் கேட்கும். அவர் மனைவி அன்றைக்கே துவைக்கிற கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டார், பக்கத்து வீட்டுக் கல்லையும் சேர்த்து. பக்கத்து வீட்டுக்காரர், "உங்க பொண்ணுன்னா ஒரு வாரம் நிறுத்தி வைக்கிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

ரிப்போர்ட் சார் எழுத உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் தூக்கமில்லை.

"தம்பி, 'ஸ்பேஷியஸ்'னு போடலாமா?"

"தாராளமா போடுங்க சார். பொண்ணு சந்தோஷப்படும்."

"அதெப்படி? அது ஸ்பேஷியஸ்னா நம்ம வீடு என்ன?"

"அதுவும் ஸ்பேஷியஸ்தான்."

என்னை அவர் பார்த்த பார்வையில், இவன் வீட்டுக்கு 'ஃபங்ஷனல்' என்று கொடுத்ததே அதிகம் என்று எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் 'டீசென்ட்' வந்தது. டீசென்ட் என்பது தன் வீட்டு வாசலுக்கு ஏற்கெனவே ஒதுக்கிய சொல் என்று நினைவு வந்து திரும்பப் போயிற்று. நான்காம் நாள் 'மாடஸ்ட்', அதாவது எளிமையான வீடு. மாப்பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று அதையும் அடித்தார். அந்த வீட்டை உயர்த்தினால் தன் வீடு இறங்கிவிடும். இறக்கினால் மகள் வரமாட்டாள். ஐந்தாம் நாள் தன் வீட்டுக்கு இன்னும் உயரமான ஒரு சொல் கிடைத்தால் இதைக் கொஞ்சம் தூக்கிவிடலாம் என்ற எண்ணத்தில் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்குப் பொறுக்கவில்லை. எதிர்வீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

"நடுவுல இருக்கறது ஒரு சுவரு. அந்தப் பக்கம் சுண்ணாம்பு, இந்தப் பக்கம் தங்கமா? 'வீடு நல்லா இருக்கு, வாங்க'ன்னு எழுத அஞ்சு நாளா?"

"உனக்கென்ன தெரியும்? எழுத்துல போறது. நாளைக்கு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா?"

ஆறாம் நாள் முகம் மலர வந்தார். கிடைத்துவிட்டதாம். காகிதத்தை என் முன்னால் நீட்டினார்.

"அடிக்வேட்!"

புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. ஏதோ போதும் என்பது போல ஒரு சொல். கூடவே, 'சில குறைபாடுகளுக்கு உட்பட்டு' என்று இன்ஷூரன்ஸ் காலத்து வால் ஒன்றையும் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். அப்படியாவது அந்த ஆள் ஒரு முறை பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உண்மையான காரணம். இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மகள் கூப்பிட்டாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டார். நானும் அங்கேதான் இருந்தேன், காபி டம்ளரோடு.

"அப்பா, ரொம்ப தேங்க்ஸ். உள்ளதை உள்ளபடி எழுதினதுக்கு. 'சொந்தப் பொண்ணுக்கே மாமா இவ்வளவுதான் எழுதறாருன்னா, அந்த வீடு எவ்வளவு மோசமா இருக்கணும்'னு இவரு பயந்துட்டாரு. நீங்களும் எப்பவும் கன்ஜெஸ்டட்னுதானே சொல்வீங்க. அதான் ஊருக்கு அந்தக் கடைசியில ஆபீஸ்ல சொன்ன ஒரு ஃப்ளாட்டுக்குப் போன்லயே அட்வான்ஸ் அனுப்பிட்டோம். பஸ்ல ஒன்றரை மணி நேரந்தான்."

ரிப்போர்ட் சார் மேஜை மேலிருந்த அகராதியை மூடி வைத்தார். நாற்பது சொற்களும் அதற்குள்ளேயே போயின. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

மனைவி போனை வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"போதும். பேத்தி இப்ப அடிக்வேட்டான தூரத்துல இருக்கா."

இப்போது பக்கத்து வீட்டில் வேறொரு குடும்பம். அங்கேயும் மூன்று வயதில் ஒரு குழந்தை. பந்து இந்தப் பக்கம் விழுந்தால் ரிப்போர்ட் சார்தான் எடுத்துப் போடுகிறார். உடனே போட்டுவிடுவதில்லை, கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கிறார். அந்த வீட்டுக்கு இப்போது என்ன சொல் என்று கேட்டேன். "நல்ல வீடு தம்பி" என்றார். தமிழில்.

ஐயோ பாவம், என்ன மனிதர் என்று உச்சுக் கொட்டுகிறீர்கள், சரிதான். ஒன்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறேன். உங்கள் பக்கத்து வீடு எப்படி என்று கடைசியாக யாரோ கேட்டார்களே, அப்போது 'பரவாயில்ல, ஓகே' என்று ஓர் இழு இழுத்தீர்களே, அந்த இழுப்பு உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது எங்கே போயிற்று? உடனே பதில் சொல்ல வேண்டாம். நிதானமாக நல்ல வார்த்தையாகத் தேடுங்கள். ஒரு வாரம் இருக்கிறது.