பொய்நோவு டொக்டரம்மா

நல்லாயிருக்கிற ஆட்களைத் தேடிப்பிடித்து நோயாளியாக்கிய டொக்டர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். சொந்தப் பெயர் ஏதோ நீளமாக இருந்தது. ரம்புக்கனைப் பக்கத்து எங்கள் றப்பர் தோட்டத்தில் அவர் 'பொய்நோவு டொக்டரம்மா'.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே பிள்ளைக்காம்பரா டீச்சர். தாய்மார் வேலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஒரு மழை நாளில் டொக்டரம்மா தொட்டில்களுக்கு நடுவே வந்து நின்று குடையை மடக்கினார். காலையிலேயே வந்திருக்க வேண்டியவர். ரயில் ஜன்னலில் மூடுபனியைப் பார்த்துக்கொண்டே ரம்புக்கனையைத் தவறவிட்டு, மலையேறிக் கடுகண்ணாவை வரை போய், பஸ் பிடித்துத் திரும்பியிருக்கிறார்.

"மலை அவ்வளவு கிட்ட வந்துச்சு டீச்சர். இறங்கணும்னே தோணல" என்றார், கனவிலிருந்து பேசுகிறவர் போல.

மருத்துவ மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆராய்ச்சி. வயதானவர்கள் எப்படி ஆரோக்கியமாக இருக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார். பென்சன் எடுத்த எங்கள் கிழவன் கிழவிகள் நோயாளி வேஷம் போடவேண்டும். மாணவர்கள் விசாரித்துப் பழகவேண்டும்.

"வேஷம் போடுறவங்களுக்கு வயசு போறதே தெரியாது" என்றார், மழையைப் பார்த்தபடி.

செபமாலை அக்காவுக்குக் கிடைத்த வேஷம் நெஞ்சுவலி. கதைப்படி அவர் விதவை.

"அதெப்படிங்க? மனுசன் அந்தா உசுரோட உக்காந்திருக்காரே!"

டொக்டரம்மா நெடுநேரம் யோசித்து, "சரி, புருஷன் விட்டுட்டுப் போயிட்டாரு" என்று மாற்றினார். வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அந்தோனி எழுந்து வந்தார்.

"நான் எங்கடி போனேன்?"

கடைசியில் புருஷனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததாகக் கதையை முடித்தார்கள். அந்தோனிக்குப் பரம சந்தோஷம். என்ன வேலை என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

றப்பர் பால் வெட்டி ஓய்ந்த ராமையாவுக்கு மறதி நோய். அதை அவர் வீட்டிலும் நடித்துப் பழகினார். "யாரு புள்ள நீ?" என்று மருமகளைக் கேட்க, அவள் அலறியடித்துக் கோயிலுக்கு ஓடி, நூல் மந்திரித்து வந்து கட்டினாள். விஷயம் தெரிந்ததும், "என்னைய மறந்தவருக்கு என் சோறு எதுக்கு மாமா?" என்று சட்டியை மூடிவிட்டாள். இதைக் கேட்ட டொக்டரம்மா எழுந்து நின்று கைதட்டினார்.

பரீட்சை நாள் வந்தது. பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் நேரில் பார்த்து, இந்த ஏற்பாடு தொடரலாமா என்று முடிவு சொல்ல வந்திருந்தார்கள். ராமையா முன்னால் ஒரு மாணவி உட்கார்ந்தாள்.

"சீயா, கொஹெத ரிதென்னே?" எங்கே வலிக்கிறது தாத்தா என்று சிங்களத்தில் கேட்டாள்.

"மத்தக்க நே" என்றார் ராமையா. ஞாபகமில்லையாம். அற்புதமான நடிப்பு. அடுத்த கேள்வி அவளுக்கு மறந்துபோயிற்று. கண் நிறைந்து, உதடு துடித்தது. ராமையாவின் வேஷம் அந்த இடத்திலேயே கலைந்தது.

"அண்டன்ன எப்பா துவே" என்று துண்டை நீட்டினார். அழாதே மகளே. பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்தது சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவேண்டும், முந்தின பிள்ளை அதைத்தான் கேட்டது என்றும் சிங்களத்திலேயே எடுத்துக்கொடுத்தார்.

பெரியவர்கள் சிரிக்கவில்லை. எல்லா மாணவருக்கும் நோயாளி ஒரே மாதிரி இருக்கவேண்டும். இவர்கள் ஆளுக்கேற்ப மாறுகிறார்கள், பரீட்சைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள்.

"நான் கெடுத்துட்டேனுங்களா?" ராமையாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"மறதிக்காரர் கேள்விய ஞாபகம் வச்சிருந்தாரே! இத நான் எந்தப் புத்தகத்திலயும் படிச்சதில்ல" என்று டொக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வெளியே போய், றப்பர் மரங்களுக்குக் கீழே தூறலில் வெகுநேரம் தனியாக நின்றார். அவர் குடையை விரிக்கவில்லை.

அதன்பிறகு மாணவர்கள் வரவில்லை. அவர் வந்தார். ஆராய்ச்சியா என்று கேட்டால், "சும்மா" என்பார். ஒத்திகைகள் நடந்தன. அந்தோனி அடம்பிடித்துக் கொழும்புப் புருஷனாகவே நடித்தார். வருஷங்கள் போய், டொக்டரம்மாவும் தலை நரைத்துப் பென்சன் எடுத்தார்.

ஒரு பின்னேரம் செபமாலை அக்கா, "இன்னைக்கு நீங்கதான் நோயாளி. நாங்க கேக்குறோம்" என்றார். டொக்டரம்மா சந்தோஷமாகக் குழந்தைகளின் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எங்கேம்மா நோவுது?" என்றார் ராமையா.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நோவு ஒண்ணுமில்லீங்க ஐயா. வீட்டுல பேச ஆள் இல்ல. ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்."

வேஷமா நிஜமா, எங்களுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. செபமாலை அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கீழே ரோட்டில் கடைசி பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போயிற்று.

அன்றைக்கு டொக்டரம்மாவை யார் வீட்டில் தங்க வைப்பது என்று லயத்து வீடுகளில் பெரிய சண்டை. நான்தான் ஜெயித்தேன்.