குறைத்துக்கொண்டவர்

புகை பிடிக்கிறவர்கள் உண்டு, பிடிக்காதவர்கள் உண்டு. அரசாங்கம் அச்சடிக்கிற படிவங்களில் இந்த இரண்டு கட்டம்தான் இருக்கும். ஆனால் எந்தக் கட்டத்திலும் அடங்காத மூன்றாவது இனம் ஒன்று ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடமாடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் குறைத்துக்கொண்டவர்.

தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில், ஸ்கெலட்டன் என்கிற பேட்டையில் குடியிருக்கும் ஹரோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மாதம் சுகாதாரக் கணக்கெடுக்க வந்த ஆஷா ஊழியர் பாக்யலட்சுமி படிவமும் பேனாவுமாக அவர் வாசலில் நின்றாள்.

"பீடி, சிகரெட் பழக்கம் இருக்குதா, இல்லியா அண்ணா?"

"குறைச்சிக்கினேன்மா."

"அதுக்கு இதுல கட்டமே இல்லியே. இருக்குதா, இல்லியா?"

"இன்னாம்மா நீ! குறைச்சிக்கினேன்னு சொல்றேன், மறுபடியும் அதையே கேக்கிறியே!"

பாவம் பாக்யலட்சுமி, அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள். இந்த இனத்தாருக்குப் பொய் வராது. காலையில் வயிறு இளகப் பிடிப்பது மருந்து, டீயோடு பிடிப்பது டீயைச் சேர்ந்தது, நண்பர் நீட்டினால் வேண்டாமென்பது மரியாதையில்லை, சாவு வீட்டு வாசலில் பிடிப்பது துக்கம், பாதியில் அணைத்தது முழுசில்லை, அணைத்ததை மறுபடி பற்றவைத்தது புதுசில்லை. இதெல்லாம் போக மிச்சம் எத்தனை? எண்ணிப் பாருங்கள். அநேகமாக ஒன்றுமே இல்லை!

ஹரோல்டிடம் திட்டமும் இருந்தது. "எங்கப்பா சுரங்கத்து லிஃப்ட் கேஜ்ல இறங்கின மாதிரி, ஒவ்வொரு லெவலா இறங்கிக்கினு வர்றேன். பத்து, எட்டு, அஞ்சு..." என்று சர்ச் நண்பர்களுக்கு விளக்குவார். அவர் மனைவி லூயிசா உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள்: "மாமா இறங்கின கேஜ் ஷிஃப்ட் முடிஞ்சா மேல வந்துடும். உங்களுதும் கரெக்டா வந்துடுது!"

அப்பாவைச் சொன்னால் ஹரோல்டுக்கு இன்னொரு நியாயமும் நினைவுக்கு வரும். அப்பா ஆயுசில் பீடியைத் தொட்டதில்லை. சுரங்கத்துத் தூசிதான் அவர் நுரையீரலைத் தின்றது. அப்படியிருக்க, பீடி சிகரெட்மேல் பழி போடுவது அநியாயமில்லையா? சுரங்கத்தை மூடியாயிற்று, இனிமேல் நுரையீரலுக்கு இன்னா பயம்?

இப்படிச் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு பேத்தி பிறந்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பியூலா கறாராகச் சொல்லிவிட்டாள். குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து மூச்சிளைப்பு. புகை வாசனையோடு யாரும் கிட்டே வரக்கூடாதென்று டாக்டர் உத்தரவு.

"பத்து நாள் முழுசா நிறுத்துங்க டாடி. ஞானஸ்நானத்தன்னிக்கு சர்ச் வாசல்லருந்து நீங்கதான் பாப்பாவைத் தூக்கிக்கினு போகணும்."

நாற்பது நாளாகத் தொட்டிலை எட்டி நின்றே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சின்ன உடம்பை ஒரு தடவை மார்பில் சாய்த்துக்கொண்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் அவருக்கு. நான்கு நாள் சிகரெட்டைத் தொடவேயில்லை. நிஜமாகவே தொடவில்லை! ஐந்தாம் நாள் அந்தச் சாதனையைக் கொண்டாட ஒரே ஒன்று வேண்டியிருந்தது.

தெருமுனையில் மங்கம்மாவின் பெட்டிக்கடையில் நின்று, "ஒண்ணே ஒண்ணு குடும்மா" என்றார்.

"சில்லறையா விக்கக் கூடாதுண்ணா. ரூல் போட்டுட்டாங்க. பாக்கெட்டா எடுத்துக்கோங்க."

பார்த்தீர்களா கொடுமையை? ஒன்றோடு போக வேண்டிய மனிதரைப் பத்து வாங்கவைத்தது சட்டம். அட்டையில் போட்டிருந்த புண் படத்தைப் பார்க்கவும் அவருக்கு மனசு தாங்கவில்லை. அதனால் இரண்டே நாளில் பாக்கெட்டைக் காலி செய்து, கண்காணாமல் வீசிவிட்டார். அடுத்த பாக்கெட்டும் அவ்விதமே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹரோல்ட் இரண்டு தடவை குளித்து, ஏலக்காய் மென்று, கோட்டு போட்டுக்கொண்டு சர்ச் வாசலில் நின்றார். வெள்ளை கவுனில் குழந்தையைக் கொண்டுவந்த பியூலா, அவரிடம் நீட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நிறுத்திட்டீங்களா டாடி?"

நீங்களாக இருந்தால் 'ஆமாம்' என்றிருப்பீர்கள். அதற்குக்கூட வழியில்லையே இந்த இனத்தாருக்கு!

"ரொம்பக் குறைச்சிக்கினேன்மா."

பியூலா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, மாமனார் ஆபிரகாமின் கையில் குழந்தையைக் கொடுத்தாள்.

போட்டோவில் நடுவில் நிற்பவர் ஆபிரகாம். பேத்தி அவர் தோளில் தூங்குகிறாள். ஓரத்தில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சிரிக்கிறவர் ஹரோல்ட். கேட்டவர்களிடம், "கூட்டத்துல குழந்தைக்கு மூச்சு முட்டும், அதான் தள்ளி நின்னேன்" என்று விளக்கம் சொன்னார். பிறகு சர்ச் மதிலுக்குப் பின்னால் போய், ஒன்று பற்றவைத்தார். வருத்தத்தில் பிடித்தது. அது கணக்கில் வராது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கிறதே, அது மூக்குக்கண்ணாடிக்காகத்தான் என்கிறீர்களா? நான் நம்பிவிடுகிறேன். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கப்போவது நானா, என்ன?