சஹனில் மஸீனாவின் பக்கம்

“வாப்பா, என்ட கைய விடுங்கொ. வேர்க்குது,” என்றாள் மஸீனா.

ஜவாஹிர் மகளின் கையை விடவில்லை. பாரூக் ஹாஜியாரின் கட்டுக்கலை வீட்டு முற்றத்தில், தென்னோலைப் பந்தலின் கீழே நின்று, கொல்லைப்புறத்திலிருந்து வந்த நெய்ச்சோற்று வாசனையை அவர் ஒரு பொலிஸ்காரரின் கவனத்தோடு முகர்ந்துகொண்டிருந்தார். நெய் இருந்தது. ஏலக்காய் இருந்தது. கறுவாப்பட்டையும் இருந்தது. கஜு என்கிற முந்திரிப்பருப்பு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் மூக்கு சொல்ல மறுத்தது.

ஆறு வயது மஸீனாவுக்குக் கஜு ஆகாது. போன வருடம் மாத்தளையில் ஒரு விருந்தில், வட்டிலப்பத்தின் மேலே கிடந்த ஒரே ஒரு கஜுவைத் தின்றாள். கால் மணி நேரத்துக்குள் உதடு தடித்தது. கண் மூடிக்கொண்டது. மூச்சு விசில் அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டு, அரை நாள் பக்கத்திலேயே இருந்து, அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை எழுந்து உட்கார்ந்தபோது, “அடுத்த முறை இது உள்ளே போனால் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது” என்றார். அந்த வாக்கியம் அன்றிலிருந்து ஜவாஹிரின் காதைவிட்டு இறங்கவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளையை ஏன் விருந்துக்குக் கூட்டிவந்தார் என்று கேட்கலாம். வராமல் இருக்க முடியாத வீடு அது. மலேரியாக் காய்ச்சல் வந்த வருடத்தில் ஜவாஹிரின் வீட்டில் எல்லோரும் படுத்துக் கிடந்தபோது, ஒரு மாதம் முழுவதும் பாரூக் ஹாஜியாரின் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. கேட்டு அனுப்பியதல்ல. தானாக வந்தது. இன்று அவருடைய மகன் றிஸ்வியின் வலீமா என்னும் கல்யாண விருந்து. ஜவாஹிரின் மனைவி கைரியா பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகிறது. அதனால் ஹாஜியாரே கொழும்பு வீதியில் ஜவாஹிர் வைத்திருக்கும் தையல்கடைக்கு வந்து, “மஸீனாவக் கூட்டிக்கிட்டு வாங்கொ. அவ இல்லாம வரவாணாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த மனிதரிடம், “உங்கள் வீட்டுச் சோறு என் மகளுக்கு நஞ்சு” என்று எப்படிச் சொல்வது? அதுவும் கல்யாண வீட்டில். பொய் சொல்வது பாவம் என்று ஜவாஹிருக்குத் தெரியும். ஆகவே, சின்னச் சின்னதாகச் சொல்வது என்று தீர்மானித்திருந்தார்.

ஹாஜியாரின் மனைவி ஹபீலா உட்கதவின் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “ஜவாஹிர், புள்ளய உள்ளுக்கு அனுப்புங்கொ. பொம்பளைகளோட தின்னட்டும்.”

“வாணாம் தாத்தா. என்னய விட்டா அழுவா,” என்று அந்த அக்காவுக்குப் பதில் சொன்னார் ஜவாஹிர்.

“நான் அழமாட்டேன்,” என்றாள் மஸீனா.

முதல் பொய் பிள்ளையாலேயே உடைந்தது. ஜவாஹிர் அவளை இழுத்துக்கொண்டு பந்தலின் மறுகோடிக்குப் போனார்.

அவருக்குப் பயம் சஹனில்தான். பாய் விரித்து, நடுவே ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகத் தின்பதுதான் சஹன். அவரவர் தம் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நல்ல துண்டு எதுவும் தம் முன்னால் கிடந்தால், அதை விருந்தாளியின் பக்கமோ பிள்ளையின் பக்கமோ தள்ளிவிடுவதுதான் மரியாதை. அன்பு அதிகமாக உள்ள சஹனில் சோறு ஓரிடத்தில் நிற்காது.

பந்தலின் மறுகோடியில், முனிசிப்பல் கிளாக்கர் பொன்னுத்துரை ஒரு மேசையில் தனியாக இருந்தார். சைவக்காரரான அவருக்கென்று ஹாஜியார் பிரத்தியேகமாக மரக்கறிச் சாப்பாடு எடுப்பித்து, வாழையிலையும் போட்டிருந்தார். ஜவாஹிர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்து, மகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“ஓம், இருங்கோ. ஆனா உங்களுக்கு இஞ்ச என்ன வேலை?” என்று கேட்டார் பொன்னுத்துரை.

“இன்டைக்கி மரக்கறி தின்னலாம் எண்டு பாத்தேன்.”

“கலியாண வீட்டிலயோ? டொக்டர் சொன்னவரோ?”

“ஓம், ஓம். டொக்டர்தான்,” என்றார் ஜவாஹிர், கிடைத்த கொம்பைப் பிடித்துக்கொண்டு.

பொன்னுத்துரை நல்ல மனிதர். பிறர் நோயைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. எழுந்து நேரே ஹாஜியாரிடம் போய், “ஹாஜியார், எங்கட ஜவாஹிருக்குச் சுகமில்லையாம். ஒருக்கா வந்து பாருங்கோ” என்றார்.

ஹாஜியார் ஓடிவந்தார். நெற்றியில் கை வைத்தார். பயத்தில் ஜவாஹிரின் நெற்றி உண்மையாகவே சுட்டது.

“காய்ச்சல் ஈக்குதே தம்பி. தனியா இரிக்கவாணாம். என்ட பக்கத்துல வந்து இரிங்கொ, நான் பாத்துக்கிறேன்.”

இப்படியாக, ஒதுங்கி உட்கார வந்தவர், மாப்பிள்ளையின் சஹனுக்கே கொண்டுபோகப்பட்டார். ஹாஜியார், மாப்பிள்ளை றிஸ்வி, பெண்ணின் தகப்பனார், வெண்தாடி நஸீம் மாமா, ஜவாஹிர், மஸீனா. சரியாக ஆறு பேர். மாப்பிள்ளையின் சஹன் என்பதால், மற்ற எந்தச் சஹனிலும் இல்லாத அளவுக்கு அதில் அலங்காரம் இருந்தது. மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்து ஜவாஹிரின் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. அந்தப் புகைக்குள்ளே, சோற்றின் மேல், பொன்னிறமாகப் பொரித்த பிறைத்துண்டுகள் நூறு கிடப்பதை அவர் கண்டார்.

மற்றவர்கள் பிஸ்மில்லாஹ் சொன்னார்கள். ஜவாஹிர் அதோடு இன்னும் இரண்டு துஆவையும் சேர்த்து ஓதினார்.

“புள்ளக்கி வயிறு கொஞ்சம் சரியில்ல,” என்றார். “அவட பக்கத்துக்கு வெறும் சோறு போதும்.”

“வெறும் சோறா?” என்றார் நஸீம் மாமா. “வயிறு சரியில்லாத புள்ளக்கித்தான் நெய்யில ஊறினத்தக் குடுக்கணும். அப்பத்தான் உள்ளுக்குப் புடிக்கும்.” சொல்லிக்கொண்டே தம் முன்னால் கிடந்த பிறைத்துண்டுகளை விரலால் ஒதுக்கி மஸீனாவின் பக்கம் தள்ளினார். அதைப் பார்த்த றிஸ்வியும் தள்ளினான். பெண்ணின் தகப்பனாரும், புதுச் சம்பந்தி வீட்டில் தாம் மட்டும் பின்னால் நிற்கக்கூடாது என்று, ஒரு கை நிறையத் தள்ளினார். ஒரு நிமிடத்துக்குள் சஹனில் இருந்த அவ்வளவும் மஸீனாவின் முன்னால் மலையாகக் குவிந்துவிட்டது.

ஜவாஹிரின் விரல்கள் ஊசி பிடித்துப் பழகியவை. அவை கொத்தத் தொடங்கின. மஸீனாவின் கை சோற்றைத் தொடுவதற்குள், ஒவ்வொரு துண்டும் மறைந்தது. ஆனால் அதை வாயில் போட அவருக்கு மனம் வரவில்லை. மாத்தளை விருந்துக்குப் பிறகு அவர் கஜுவை நாவில் வைத்ததே இல்லை. அது மகள் முத்தமிடும் வாய். ஆகவே வலது கையால் எடுத்ததை, தட்டின் விளிம்புக்குக் கீழே இடது கைக்கு மாற்றி, வெள்ளைக் கோட்டின் பைக்குள் இறக்கினார்.

“ஜவாஹிர் நானாவுக்கு இது நல்லாப் புடிச்சிரிக்கி போல,” என்றான் றிஸ்வி.

மாட்டிக்கொண்டோம் என்று ஜவாஹிருக்குத் தெரிந்தது. “சின்ன வயசுலேந்தே ஒரு ஆசை,” என்றார். அன்றைய ஐந்தாவது பொய்.

“அப்ப என்னத்துக்கு வெக்கம்? டேய், உள்ளுக்குச் செல்லி இன்னொரு கோப்ப கொண்டு வாங்கடா,” என்று பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டான் றிஸ்வி.

அதே துண்டுகள் நிறைந்த கோப்பை வந்தது. சஹனின் மேல் கவிழ்க்கப்பட்டது. எல்லோரும், நோயாளிக்கு ஓர் ஆசை நிறைவேறட்டும் என்று, அதையும் அன்போடு அவர் பக்கமும் பிள்ளையின் பக்கமும் தள்ளினார்கள். ஜவாஹிர் மூச்சுவிடாமல் பொறுக்கினார். வலப்பை நிறைந்தது. இடப்பை தொடங்கியது.

நெய்யில் பொரித்த எதுவும் துணிக்குள் அடங்கி இருக்காது. கோட்டின் இரு பக்கமும் இரண்டு மஞ்சள் வட்டங்கள் மெல்ல விரிந்தன. பெண்ணின் தகப்பனார் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தையக்காரர்ட கோட்டுல பையெல்லாம் ஆழம்தான்,” என்றான் றிஸ்வி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“சும்மா இரி,” என்று மகனை அதட்டினார் ஹாஜியார். பிறகு ஜவாஹிரின் காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், “தம்பி, கைரியாவுக்கும் ஒரு பார்சல் கட்டச் செல்றேன். பையில போடவாணாம், கோட்டு வீணாப் போவும்” என்றார்.

ஜவாஹிருக்குக் கண் கலங்கியது. தன்னைத் திருடனாகப் பார்த்துவிட்ட பிறகும் தன் கோட்டுக்காகக் கவலைப்படும் மனிதரின் முன்னால் உட்கார்ந்திருப்பது, அடி வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் பிள்ளை இருந்தாள். அவள் மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தன் மானம் போனால் தைத்துக்கொள்ளலாம். அந்த மூச்சைத் தைக்க முடியாது. அவர் மேலும் மூன்று துண்டுகளை எடுத்துப் பையில் போட்டார்.

“வாப்பா, எனக்கும் அதுல ஒண்டு வேணும்,” என்றாள் மஸீனா.

“அது உனக்கில்ல மகள்.”

“எல்லாரும் எனக்குத்தானே தள்றாங்க.”

“பேசாமத் தின்னு.”

நஸீம் மாமாவின் தாடி நடுங்கியது. எழுபது வருடங்களில் அவர் பல பேராசைக்காரர்களைப் பார்த்திருக்கிறார். பெற்ற பிள்ளையின் முன்னால் கிடப்பதை எடுத்துத் தன் பையில் போடுகிறவரைப் பார்த்ததில்லை.

“ஜவாஹிர்,” என்றார், “புள்ளக்கி ஒண்டாவது குடுங்கொ.”

“வாணாம் மாமா.”

“உங்களுக்குக் குடுக்க மனசில்லாட்டி நான் குடுக்கிறேன்.” அவர் ஒரு துண்டை எடுத்து, “வாயத் தொறங்க மகள்” என்றார்.

மஸீனா வாயைத் திறந்தாள். துண்டு அவள் உதட்டைத் தொடும்போது, ஜவாஹிரின் கை பாய்ந்து நஸீம் மாமாவின் கையைத் தட்டிவிட்டது. துண்டு பறந்துபோய் றிஸ்வியின் தொப்பிமேல் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மற்றச் சஹன்களிலும் கைகள் நின்றன. பொன்னுத்துரை இலையிலிருந்து எழுந்தே விட்டார். மஸீனா அழத் தொடங்கினாள்.

ஜவாஹிர் தன் தோளில் கிடந்த துவாலையால் பிள்ளையின் உதட்டைத் துடைத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, நான்கு தடவை துடைத்தார். பிறகு, கை நிறைய நெய்யோடு, சபைக்கு நடுவே எழுந்து நின்றார்.

“மாமா, என்னய மன்னிச்சிருங்கொ. எனக்குக் காய்ச்சல் இல்ல. புள்ளக்கி வயித்துல ஒண்டுமில்ல. எனக்கு இதுல ஆசையும் இல்ல. காலையிலேந்து பொய்தான் செல்லிக்கிட்டு ஈக்கிறேன்.” “இந்தப் புள்ளக்கிக் கஜு ஒத்துக்காது. தின்னா மூச்சு நிண்டுரும். ஹாஜியார், மலேரியாக் காலத்துல உங்கட வீட்டுக் கஞ்சிதான் இவளை எழுப்பினது. அதே வீட்டுச் சோத்தப் பாத்து நான் பயப்படுறேன் எண்டு எந்த வாயால செல்லுவேன்? அதுதான் செல்லல்ல.”

பைகளில் இருந்ததை அவர் கை கையாக எடுத்துச் சஹனின் விளிம்பில் வைத்தார். அது ஒரு சிறு குன்றாக உயர்ந்தது.

நஸீம் மாமா எழுந்து, தன் கையைத் தட்டிவிட்ட அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எனக்கு அடிச்சது போதாது தம்பி,” என்றார். பெண்ணின் தகப்பனார் மஸீனாவை மெதுவாகத் தூக்கித் தம் மடியில் வைத்து, சஹனிலிருந்து இரண்டு முழம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே, பக்கத்துச் சஹன்காரர்களும் தங்கள் தட்டுகளைப் பிள்ளையைவிட்டுத் தள்ளி வைத்தார்கள். இவ்வளவு பேர் தன் மகளின் மூச்சுக்காக நகர்வதைப் பார்த்த ஜவாஹிர், இதை வாசலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எண்ணி அழுதார்.

பாரூக் ஹாஜியார் அந்தக் குன்றையும், கோட்டிலிருந்த இரண்டு மஞ்சள் வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

பந்தல் திடீரென்று ஏன் அமைதியானது என்று பார்க்க, கொல்லைப்புறத்திலிருந்து சமையற்காரக் கோக்கி அகப்பையோடு வந்து நின்றார். கட்டுக்கலையில் கல்யாணச் சோறு என்றால் அவர் சமைத்ததுதான். ஜவாஹிர் சொன்னதில் கடைசிப் பாதி அவர் காதிலும் விழுந்திருந்தது. அவர் குன்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இரண்டாக ஒடித்து, ஜவாஹிரின் கண்ணாடிக்கு நேரே பிடித்தார்.

“தம்பி, இது பலாக்கொட்ட. ஹபீலா தாத்தா உங்கட வீட்டுக்குக் கைப்புள்ளயப் பாக்க வந்த அன்டைக்கே, கைரியா எல்லாத்தையும் செல்லிட்டாவாம். செல்லிக் காட்டினா நீங்க கூச்சப்பட்டு வராம இரிந்துருவீங்க எண்டு, இந்த வீட்டுக்குள்ள கஜுவே வரவாணாம் எண்டுட்டாங்க. நாலு நாளா ஒக்காந்து எறநூறு பேர்ட சோத்துக்கும் இதக் கஜு மாதிரி சீவினோம்.”

அவர் மற்றப் பாதியை மஸீனாவின் கையில் கொடுத்தார்.

“எறநூறு பேரும் கஜு எண்டு நெனச்சித்தான் தின்னாங்க. யாருக்காகச் சீவினோமோ, அந்த ஒரு புள்ளக்கி மட்டும்தான் நீங்க குடுக்கல்ல.”