அவருக்கு ஞாபகம் வர வேண்டாம்

ஆறரை மணித் தொடருக்குக் கதை எழுதும் ஐயா அவர்களுக்கு, தையல்கடைக்காரர் மனைவி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டம்மாவும் பிள்ளைகளும் ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரிந்து சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழையைப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் தொடரில் ஒரு பெரியவருக்கு மறதி நோய். சரி, யாருக்கும் வரும். ஆனால் ஐயா, ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், அந்த மனுஷன் சட்டையில் ஒரு சொட்டு டீ கிடையாது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, வாரிவிட்ட தலை, ஜன்னல் பக்கம் நாற்காலி, மடியில் ஒரு பூ. அவரை யார் ஐயா குளிப்பாட்டுகிறார்கள்? எத்தனை பேர் பிடித்துக்கொள்கிறார்கள்? அந்தப் பூவை அவர் ஏன் இன்னும் தின்னவில்லை? அவர் மனைவி கை நகமெல்லாம் சிவப்புப் பூச்சு. மறதிக்காரர் வீட்டில் பொம்பளைக்கு நகமே மிஞ்சாது, பூச்சு எங்கே மிஞ்சும்?

என் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் மெஷின் மிதித்தவர். ஞாபகம் போன பிறகும் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க விடமாட்டார். ஃபிரிட்ஜுக்குத் தோள் அளவு எடுத்துச் சுவரில் எழுதினார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஆளைப் பிடித்து நிறுத்திவிட்டார். நான் ஓடி வந்து பார்த்தால் அந்த ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார், இவர் இடுப்பில் டேப்பைப் போட்டு, “மூச்ச விடுங்க சார், வயித்த உள்ள இழுத்துக்கிட்டா பேண்ட்டு பத்தாது, அப்புறம் எனக்குத்தான் கெட்ட பேரு” என்கிறார். டீயில் பிஸ்கெட் என்று நினைத்துத் துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியைத் தொட்டுச் சாப்பிட்டார். பயந்துபோய்க் கத்தரிக்கோலை ஒளித்து வைத்தேன். எங்கே ஒளித்தேன் என்று எனக்கு மறந்துவிட்டது, அவர் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் ஜன்னல் திரை இல்லை, மூன்று கை வைத்த சட்டை இருந்தது. ஒருநாள் உட்கார்ந்த இடத்திலேயே பேண்டை நனைத்துவிட்டார், என்னங்க இது என்றால், “தைக்கிறதுக்கு முன்னாடி துணிய நனைச்சுப் பாக்கணும்மா, சுருங்கிடும்” என்கிறார். சிரிக்கிறதா அழறதா சொல்லுங்க. நான் தரையைத் துடைத்தேன்.

குளிக்கவே மாட்டார். சட்டையில் கை வைத்தால் என்னைத் திருடி என்று சொல்லி அடிப்பார். அப்புறம்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்வாசல் வழியாக வெளியே போய், ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்வாசல் கதவைத் தட்டுவேன். “வாங்கம்மா, உக்காருங்க” என்பார். எத்தனை மரியாதை! கல்யாணம் ஆகி ஒரு நாள் அப்படிச் சொன்னதில்லை. “இந்தச் சட்டைக்குக் காலர் திருப்பணும்” என்று அவர் போட்டிருக்கும் சட்டையைக் காட்டுவேன். காலரைத் தடவிப் பார்த்து, “ஆமா, நைஞ்சு போச்சு, குடுங்க பாப்போம்” என்று அவரே கழட்டிவிடுவார். அப்படியே பேச்சுக் கொடுத்துக் குளியலறைக்குக் கூட்டிப் போவேன். இரண்டு வருஷம் தினமும் ஒரு காலர். இதெல்லாம் உங்கள் தொடரில் ஏன் வரவில்லை? கேட்டால் சொல்லியிருப்பேனே.

அதற்குப் பதிலாக நீங்கள் என்ன காட்டினீர்கள்? அந்த அம்மா கல்யாண உடுப்பை உடுத்திக்கொண்டு வந்து நின்று கண்ணீர் விட, பெரியவருக்குப் பாதி ஞாபகம் வந்தது. என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு மறுநாளே வந்துவிட்டாள். “அண்ணி, உன் கல்யாண உடுப்ப எடு, அண்ணன் முன்னாடி போய் நில்லு” என்று ஒரே பிடி. அதை இவர்தான் எனக்குத் தைத்துக் கொடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நுழைந்து, முதுகில் நாலு ஊக்குக் குத்திக்கொண்டு, போய் நின்றேன். இவர் மேலும் கீழும் பார்த்தார். பேர் சொல்லிவிடுவாரோ என்று நானும் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். எழுந்து வந்தார். இடுப்புத் தையலை விரலால் பிரித்துப் பார்த்தார். “ரெண்டு இஞ்சாவது விடணும்மா. உள்ள துணி இருக்கு, கவலப்படாதீங்க” என்றார். அப்புறம் தையலை இன்னொரு தடவை தடவிவிட்டு, “யாரு தச்சது? நல்ல கை” என்றார்.

நாத்தனாருக்குக் கோபம் என் மேல். “நீ அழவே இல்லையே அண்ணி! அந்தம்மா எப்படி அழுதா!” என்றாள். எங்கே அழுவது, அவர் என் முதுகிலிருந்த ஊக்கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார், விழுங்கிவிடுவாரோ என்று நான் அவர் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன அன்றைக்கு, வந்தவர்கள் எல்லார் காதிலும் விழ, நாத்தனார் சொன்னாள்: “அண்ணி இன்னும் கொஞ்சம் பாசமா இருந்திருந்தா, அண்ணன் ஒரு தடவையாவது பேரு சொல்லிக் கூப்பிட்டிருப்பாரு.” ஐயா, இது அவள் வார்த்தை இல்லை, உங்கள் வார்த்தை. இத்தனை மாதம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அவள் திருப்பிச் சொன்னாள்.

என் கதை முடிந்துவிட்டது, போகட்டும். எதிர்வீட்டு அக்காவுக்காகத்தான் எழுதுகிறேன். அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினவர், அவருக்கும் இதே நோய். அக்கா தினமும் உங்கள் தொடர் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்று, “நான் யாரு, சொல்லுங்க” என்று கேட்கிறார். அவர், “படியில நிக்காதீங்க, உள்ள போங்க” என்கிறார். உதவிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “எதுக்கு? இவருக்கும் ஞாபகம் வந்துடும் பாரு” என்றார். முந்தாநாள் தெருவுக்குக் கேட்கும்படி கன்னத்தில் அடி விழுந்த சத்தம். “என்னையத் தெரியலையா, என்னையவா தெரியல” என்று அக்கா குரல். அப்புறம் அழுகை. அவருடையது இல்லை, அக்காவுடையது. ஒரு எறும்பைக்கூட மிதிக்காத மனுஷி.

அதனால் கேட்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் பெரியவருக்கு முழு ஞாபகமும் வரப்போகிறது என்று விளம்பரம் போடுகிறீர்கள். வரக்கூடாது. அந்த நோயில் போனது வராது, டாக்டரைக் கேளுங்கள். அவர் மனைவி மேல் குற்றமில்லை என்று ஒருத்தராவது அந்தப் பெட்டியிலிருந்து சொல்லட்டும். எழுதக் கதை இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது. ஒருநாள் என் வீட்டுக்காரர் முன்னால் கஸ்டமராக உட்கார்ந்திருந்தபோது, “உங்க வீட்டம்மா எங்கே?” என்று கேட்டேன். “கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா” என்று வாசலைப் பார்த்தார். நான் எழுந்து போகவில்லை. அவரோடு உட்கார்ந்து, நானும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதுங்கள். அழ வேண்டியவர்கள் தானாக அழுவார்கள்.

உங்கள் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும். பெரியவராக நடிக்கிறவருக்கும் என் வணக்கம், அவர் சட்டைக்கு மட்டும் தோள் அரை இஞ்ச் இறங்குகிறது, சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரர் மனைவி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது எதிர்வீட்டு அக்கா வந்தார். கண் வீங்கியிருந்தது. “வெள்ளிக்கிழமை தனியா உக்காந்து பாக்க பயமா இருக்குடி, நீயும் வா” என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே ஐயா, மேலே எழுதியதையெல்லாம் அடுத்த தொடருக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தடவை அவருக்கு ஞாபகம் வரட்டும். உங்கள் கதையில் எல்லாரும் தேடுகிற பத்திரம் எங்கே, சாவி எங்கே என்றெல்லாம் அப்புறம் சொல்லட்டும், முதலில் மனைவி பேரைச் சொல்ல வையுங்கள். அழுகிற இடத்திலெல்லாம் பின்னால் வாசிப்பீர்களே, அப்போது மட்டும் அந்த வயலினை நிறுத்திவிடுங்கள். இங்கே இரண்டு பேர் கேட்க வேண்டியிருக்கிறது.