நீல ஸ்டூல் சும்மாக்கா

திருச்சி மாவட்டத்திலேயே மூன்று நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், அதற்குச் சம்பளமும் வாங்கிய ஒரே ஆள் சும்மாக்காதான். இல்லை என்பவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொள்ளலாம். நான் அசைய மாட்டேன்.

திருவானைக்காவலில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். நான் அங்கே ஆபீஸ் மேனேஜர். அவள் இன்டர்வியூவுக்கு வந்த அன்று நானும் இருந்தேன்.

"சோஷியாலஜி எம்.ஏ.வா? அதுல என்னம்மா வேலை தெரியும்?" என்று கேட்டார் டைரக்டர்.

"உட்காரத் தெரியும் சார்."

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் பி.காம். உட்காருவதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் நானும் அதையே எடுத்திருப்பேன். வந்திருந்த மற்ற இரண்டு பேரும் அதிகச் சம்பளம் கேட்டதால் வேலை அவளுக்குப் போயிற்று.

முதல் நாளே ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "இது எதுக்கும்மா? இங்கதான் நாற்காலி கிடக்கே?" என்றேன். "இது ஃபீல்டுக்கு சார்" என்றாள். அன்று முதல் அந்த ஸ்டூல் போகாத இடமில்லை. மலைக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "என்னம்மா வேணும்?" என்று கடைக்காரர் கேட்டால், "சும்மா பார்க்கிறேங்க" என்பாள். புடவையைப் பார்க்கிறாள் என்று நினைத்து அவர் நாற்பது புடவையைப் பிரித்துப் போடுவார். அவளோ அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் பெயர் வந்தது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்; ஆனால் நானும் சும்மாக்கா என்றுதான் சொல்வேன்.

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, "ஆள் வருது" என்று இடம் பிடிப்பார்கள் அல்லவா? அதை ஆராய்கிறேன் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே ஒரு நாள் முழுக்கப் போய் வந்தாள். யார் சொன்னால் ஜனங்கள் நம்பி நகர்கிறார்கள், யார் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள் என்று நோட்டு நிறைய எழுதினாள். கண்டக்டர் அவளை டிக்கெட் செக்கர் என்று நினைத்து அன்று முழுவதும் சில்லறையைச் சரியாகக் கொடுத்தாராம்.

என் மச்சினி மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தேன். பந்திக் கூடத்தின் ஓரத்தில் நோட்டோடு நின்றவளை மாப்பிள்ளை வீட்டு உளவாளி என்று நினைத்துவிட்டார் பெண்ணின் அப்பா. "பாப்பா, ஏதாவது குறை இருந்தா எங்கிட்ட சொல்லும்மா, அங்க சொல்லிடாத" என்று கெஞ்சி, அவள் இலையில் மட்டும் மூன்று ஜாங்கிரி வைத்தார். அவள் சொன்ன ஒரே குறை: "பாத்திரம் கழுவுற அம்மாங்க இன்னும் சாப்பிடலைங்க. மணி நாலாகுது." மனிதர் ஓடிப்போய் அவர்களுக்குத் தானே பரிமாறினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எடமலைப்பட்டி புதூர் பக்கம், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு குழந்தைகள் காப்பகம் திறந்திருந்தோம். காலை ஆறரைக்கே திறப்போம். பால் உண்டு, சுண்டல் உண்டு, பொம்மை உண்டு, மும்தாஜ் அக்கா என்று தங்கமான ஆயா உண்டு. பிள்ளைகள்தான் இல்லை. வந்த இரண்டும் மும்தாஜ் அக்காவின் பேரப்பிள்ளைகள். தெருவில் அக்காமார்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"விழிப்புணர்வு பத்தலை" என்றார் டைரக்டர். மூன்று ஊர்வலம் நடத்தினார். பலூன் வாங்கப் பிள்ளைகள் வந்தார்கள், பலூனோடு போய்விட்டார்கள். பணம் தரும் டிரஸ்டிலிருந்து மேடம் திங்கட்கிழமை நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அன்றும் காலியாக இருந்தால் காப்பகத்தை மூடிவிட வேண்டியதுதான்.

சும்மாக்கா ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய், காப்பகத்துக்கு எதிரே இருந்த குழாயடியில் உட்கார்ந்தாள். புதன், வியாழன், வெள்ளி. ஒருவரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"ஊரே பத்திக்கிட்டு எரியுது, இவ உட்கார்ந்திருக்கா!" என்று டைரக்டர் குதித்தார். நானும் கூடச் சேர்ந்து குதித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செல்வி என்றொரு பெண். மூன்று நாளும் வேலைக்குப் போகும்போது குழந்தையோடு காப்பகத்துக் கேட்வரை வந்தாள். போர்டைப் பார்த்தாள். முந்தானையால் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள், தலையை முகர்ந்து பார்த்தாள், திரும்பிப் போய் மூத்த மகளிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே சும்மாக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போர்டுல குளிப்பாட்டிக் கூட்டிட்டு வரணும்னு போட்டிருக்குல்ல. இந்தக் குழாயில தண்ணி பதினோரு மணிக்குத்தான் வருது. நான் ஏழு மணிக்கே வேலைக்குப் போயிடுறேன். புடிச்சு வைக்கிற தண்ணி சோத்துக்கே பத்தலை. அழுக்குப் புள்ளையக் கொண்டாந்து விட்டா நாலு பேரு மூஞ்சியச் சுளிக்க மாட்டாங்க? எங்களுக்கும் மானம் இருக்குங்க."

சனிக்கிழமை காலை ஆபீஸில் சும்மாக்கா இதைச் சொன்னதும் நான் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். 'குழந்தைகளைக் குளிப்பாட்டி, சுத்தமாக அழைத்து வரவும்' என்ற அந்த வாசகத்தை அழகாக எழுதி, கீழே ஒரு தாமரைப்பூவும் வரைந்தவன் அடியேன்தான்.

"எந்த மேதாவி எழுதினான் அதை?" என்று டைரக்டர் கத்தினார்.

சும்மாக்காவுக்குத் தெரியும். என்னைப் பார்க்கவே இல்லை. "இது எல்லா இடத்துலயும் எழுதுறதுதான் சார். அதான் யார் கண்ணுலயும் படலை. ரெண்டு வருஷம் இதைத்தான் படிச்சேன். ஜனங்க புரியாம நடக்கிறாங்கன்னு தோணிச்சுன்னா, நமக்குத்தான் ஏதோ புரியலைன்னு அர்த்தம். அது என்னன்னு தெரியிற வரைக்கும் உட்காரணும்." என் பி.காம். அன்று முதல்முறையாக எழுந்து நின்றது.

பழைய போர்டைக் கழற்றினோம். புதிதாக நானே எழுதினேன்: 'குளிப்பாட்ட வேண்டாம். அப்படியே கூட்டி வாங்க. குளிப்பாட்டுவது எங்கள் வேலை.' காப்பகத்தில் போர்வெல் தண்ணீரும் மாடியில் தொட்டியும் முதலிலிருந்தே இருந்தன. அங்கேயே குளிப்பாட்டலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. முதல் ஆள் செல்வி. எண்ணெய் வழிய, புழுதி படிந்து, மூக்கு ஒழுகி இருபத்தாறு பிள்ளைகள். மும்தாஜ் அக்கா, "யா அல்லாஹ், சோப்பு ஒண்ணுதான் இருக்கு!" என்று கத்தினார். நான் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் டைரக்டர் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, கையில் மக்கோடு, யாரோ ஒரு பையனிடம் "கண்ணை மூடுடா ராஜா" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். தாமரைப்பூ போட்ட என் பழைய போர்டு, பிள்ளைகள் உட்கார்ந்து குளிக்கும் பலகையாகியிருந்தது. அதற்கு அதுதான் சரி.

டிரஸ்ட் மேடம் காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். சும்மாக்கா சோப்பு நுரையோடு ஒரு குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "கெட்டியாப் பிடிங்க மேடம், வழுக்கும்." கஞ்சி போட்ட காட்டன் புடவை நனைந்தது. மேடம் பத்து நிமிடம் தலை துவட்டினார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அடுத்த சென்டர் எங்க ஆரம்பிக்கலாம்?" செல்வியின் மூத்த மகள் அன்று பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். நான் அழுதேன். கேட்டவர்களிடம் சோப்பு என்றேன்.

இப்போது சும்மாக்கா நாலைந்து மாவட்டக் காப்பகங்களைப் பார்த்துக்கொள்கிறாள். புதிதாக வேலைக்குச் சேருபவர்களை முதல் மூன்று நாள் சும்மா உட்கார வைக்கிறாளாம். எங்கள் ஆபீஸை விட்டுப் போகும்போது நீல ஸ்டூலை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அது என் மேஜைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. போன வாரம் வந்திருந்த ஒருவர் அதில் உட்காரப் போனார். என்னையறியாமல் என் துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன்.

"ஆள் வருதுங்க" என்றேன்.